சிகாகோவிலிருந்து லிண்ட்ஸ்போர்க் வரை: ஸ்வீடன்காரர்களின் கொயர்களைத் தேடி

திங்கள், சிகாகோ

வடக்கு சிகாகோவில் கிளார்க் தெருவோடு நடந்தால் ஆண்டர்சன்வில் என்ற பேட்டை வரும். ஒரு கட்டடத்தின் கூரைமேல் நீலமும் மஞ்சளும் பூசிய தண்ணீர்த் தொட்டி தெரிகிறது. அதுதான் ஸ்வீடிஷ் அமெரிக்க அருங்காட்சியகம். 1976-ல் தொடங்கியது. பேட்டையில் இன்று ஸ்வீடன்காரர்களைத் தேடித்தான் பிடிக்க வேண்டும். ஆனாலும் காஃபிக் கடைகளில் இலவங்கப்பட்டை ரொட்டி மட்டும் விடாமல் விற்கிறார்கள்.

இந்தப் பரிசுத்த வாரம் முழுக்க மைத்துனனின் காரில், ஸ்வீடனிலிருந்து அமெரிக்கா வந்தவர்கள் எங்கெங்கே கூடிப் பாடினார்கள் என்று பார்த்துக்கொண்டே போவதாகத் திட்டம். ஈஸ்டர் அன்று கான்சஸில் இருக்க வேண்டும். "ஏன் அத்தான், உலகத்தில் வேறு ஆளே கிடைக்கலையா?" என்று அவன் ஏற்கெனவே கேட்டுவிட்டான். நான் வளர்ந்தது தமிழ் சுவிசேஷ லுத்தரன் திருச்சபையில். 1921-ல் அதன் தலைவரான தரங்கம்பாடிப் பேராயராக முதலில் அமர்ந்த ஹோய்மன் ஒரு ஸ்வீடன்காரர். 1956 வரை அந்த நாற்காலியில் ஸ்வீடன்காரர்கள்தான் இருந்தார்கள். அவர்களில் சிலர் எங்கள் பக்கம் கப்பலேறியபோது, அவர்கள் ஊர்க்காரர்கள் லட்சக்கணக்கில் மேற்கே கப்பலேறினார்கள். அந்தப் பக்கம் என்ன பாடினார்கள் என்று தெரிந்துகொள்ள ஆசை. அவ்வளவுதான்.

1840-களிலிருந்து 1930 வரை 12 லட்சத்துக்கும் மேற்பட்ட ஸ்வீடன்காரர்கள் வட அமெரிக்காவுக்கு வந்தார்கள். ஸ்வீடனில் 1867-69 பஞ்சம் ஒரு பெரிய தள்ளு. குடியேறுபவருக்கு நிலம் தரும் அமெரிக்காவின் 1862-ம் ஆண்டுச் சட்டம் ஒரு பெரிய இழுப்பு. 1900-ல் சிகாகோவில் மட்டும், இங்கே பிறந்த பிள்ளைகளையும் சேர்த்து, சுமார் ஒன்றரை லட்சம் பேர். ஸ்டாக்ஹோமுக்கு அடுத்து அதிக ஸ்வீடன்காரர்கள் இருக்கும் நகரம் இதுதான் என்று பெருமையாகச் சொல்லிக்கொண்டார்கள்.

வந்தவர்கள் முதலில் சர்ச் கட்டினார்கள். அப்புறம் சங்கம் வைத்தார்கள். சங்கங்களில் பல, பாட்டுச் சங்கங்கள். ஸ்வெயா, ஃப்ரேயா, லீரன் என்று தாய்நாட்டின் பெயரும் பழைய தேவதையின் பெயரும் வாத்தியத்தின் பெயரும். எல்லாம் ஆண்கள் மட்டும். ஆண்குரலில் மேலே போவது டெனர், கீழே போவது பேஸ்; முதல் டெனர், இரண்டாம் டெனர், முதல் பேஸ், இரண்டாம் பேஸ் என்று நாலு குரலில், பெரும்பாலும் பக்கவாத்தியம் இல்லாமல் பாடுவது. வாரம் ஒரு ஒத்திகை, கோடையில் பிக்னிக், குளிர்காலத்தில் நடன விருந்து. பீர் இல்லாமல் இருந்திருக்காது.

இந்த நாலு குரல் பாட்டு பிறந்த இடம் ஸ்வீடனின் பல்கலைக்கழகங்கள். லுண்ட் நகரத்து மாணவர் கொயர், அதாவது சேர்ந்து பாடும் குழு, 1831-ல் தொடங்கியது. உப்சாலாவின் புகழ்பெற்ற ஆர்ஃபெய் ட்ரெங்கார் 1853-ல். 1867 பாரிஸ் உலகக் கண்காட்சியில் உப்சாலா மாணவர்கள் பரிசு வாங்கியதும் நாடே அவர்களைத் தலையில் வைத்துக் கொண்டாடியது. சிகாகோ வந்தவர்களோ தச்சர்கள், தையல்காரர்கள், கொத்தனார்கள். பல்கலைக்கழக வாசலைக்கூட மிதித்திராதவர்கள். ஆனால் மேடையேறும்போது மாணவர்கள் அணியும் அதே வெள்ளைத் தொப்பியை வைத்துக்கொண்டார்கள். ஊரில் கிடைக்காத மரியாதையைக் கடல்தாண்டி வந்து தாங்களே தங்களுக்குக் கொடுத்துக்கொண்டார்கள் என்று எனக்குத் தோன்றுகிறது. பழைய புகைப்படங்களில் மீசையும் தொப்பியுமாக அவர்கள் நிற்கும் நிமிர்வைப் பார்த்தால் உங்களுக்கும் அப்படித்தான் தோன்றும்.

1893-ல் சிகாகோவில் உலகக் கண்காட்சி வரப்போகிறது என்றதும், அதில் சேர்ந்து பாடுவதற்காக 1892-லேயே பல ஊர்ச் சங்கங்கள் கூடி அமெரிக்க ஸ்வீடிஷ் பாடகர் சம்மேளனத்தைத் தொடங்கின. கண்காட்சியில் ஜூலை 20 ஸ்வீடன்காரர்களின் நாள். ஊர்வலமும் கச்சேரியும் அமர்க்களப்பட்டன. அதன்பிறகு சில வருடங்களுக்கு ஒருமுறை ஏதாவது ஒரு நகரத்தில் கூடிப் பெரிய விழா எடுப்பது சம்மேளனத்தின் வழக்கமாயிற்று.

சர்ச் போதகர்களுக்கு இதெல்லாம் பிடிக்கவில்லை. அகஸ்டானா சினாட் என்ற ஸ்வீடிஷ் லுத்தரன் சபை, மதுவுக்கும் நடனத்துக்கும் எதிரி. ரகசியச் சடங்கு வைத்திருக்கும் சங்கங்களுக்கு இன்னும் பெரிய எதிரி. ஒரே தெருவில் ஒரே பேச்சு பேசிய ஜனம், ஞாயிறு காலையில் ஒரு பாட்டும் சனி இரவில் வேறொரு பாட்டுமாக இரண்டாகப் பிரிந்துதான் பாடியது.

மூன்றாவது ஒரு கூட்டமும் உண்டு. கிளார்க் தெருவிலேயே தெற்கே போனால் கிரேஸ்லண்ட் கல்லறைத்தோட்டம். ஜோ ஹில் உடலை எரித்தது இங்கேதான். ஸ்வீடனின் யேவ்லெ நகரத்தில் 1879-ல் யோயல் ஹெக்லுண்ட் என்று பிறந்து, 1902-ல் அமெரிக்கா வந்த கூலித் தொழிலாளி. சர்ச்சிலும் சால்வேஷன் ஆர்மியிலும் எல்லாருக்கும் தெரிந்த மெட்டுகளை எடுத்து, வேலைநிறுத்தத்துக்கு ஏற்ற வரிகளைப் போட்டுப் பாட வைத்தவர். மெட்டு ஏற்கெனவே தெரியும் என்பதால் ஒத்திகை தேவையில்லை, கூட்டம் உடனே சேர்ந்து பாடிவிடும். கொலைக் குற்றம் சாட்டி 1915 நவம்பரில் யூட்டாவில் சுட்டார்கள். வழக்கு சரியாக நடந்ததா என்று இன்றுவரை சண்டை ஓயவில்லை. சிகாகோவில் நடந்த இறுதி ஊர்வலத்துக்குத் திரண்டவர்கள் ஆயிரக்கணக்கில். பாடகர் சம்மேளனத்தில் சேராத ஸ்வீடன்காரர்தான் உலகம் முழுக்கப் பாடப்பட்டார்.

செவ்வாய், பிஷப் ஹில், ஆண்டோவர்

சோளக்காடு, சோளக்காடு, மறுபடியும் சோளக்காடு. ஆனால் இது ஏப்ரல், அதனால் வெறும் கறுப்பு மண். இல்லினாய் மாநிலத்தின் மேற்குப் பக்கம் இப்படித்தான்.

பிஷப் ஹில் இன்று சின்ன கிராமம். 1846-ல் எரிக் யான்சன் என்ற மதப் போதகர் தன் சீடர்களோடு வந்து அமைத்த பொதுவுடைமைக் குடியிருப்பு. ஸ்வீடனில் லுத்தரின் புத்தகங்களையே தீயில் போட்டுக் கொளுத்தியவர் அவர். வேதாகமத்தைத் தவிர வேறு புத்தகம் வேண்டாம் என்றவர், பாட்டு மட்டும் தானே எழுதினார். சீடர்கள் அதைத்தான் பாடினார்கள். முதல் பனிக்காலத்தை மண்ணைக் குடைந்த குழி வீடுகளில் கழித்தார்கள், ஏறக்குறைய நூறு பேர் செத்துப்போனார்கள். 1849-ல் காலரா. 1850-ல் யான்சனை ஒருவன் சுட்டுக் கொன்றான். 1861-ல் பொதுச் சொத்தைப் பங்குபோட்டுப் பிரிந்துவிட்டார்கள். சிறுவனாக இங்கே வந்த உலோஃப் க்ரான்ஸ் முதிய வயதில் நினைவிலிருந்து வரைந்த ஓவியங்கள் அருங்காட்சியகத்தில் இருக்கின்றன. பெண்கள் வரிசையாக நின்று கயிறு பிடித்துச் சோளம் ஊன்றும் படத்தின் முன்னால் மைத்துனன் ரொம்ப நேரம் நின்றான். நம்மூர் நடவு ஞாபகம் வந்துவிட்டது போல.

மதியம் ஆண்டோவர். இங்கே பார்க்க வேண்டியது யென்னி லிண்ட் ஆலயம். ஊருக்குள் ஒரு குட்டிச் சர்ச், கோபுரம் கிடையாது.

யென்னி லிண்ட் அந்தக் காலத்தின் மிகப் பெரிய பாடகி. 1850-ல், பிற்பாடு சர்க்கஸ் முதலாளியாகப் பேர்வாங்கிய பார்னம் அவரை அமெரிக்காவுக்கு அழைத்துவந்தபோது நியூயார்க் துறைமுகத்தில் பல்லாயிரம் பேர் கூடினார்கள். அதே சமயம் எஸ்பியோர்ன் என்ற போதகர் ஆண்டோவரில் சபை தொடங்கிவிட்டு, சர்ச் கட்டப் பணமில்லாமல் கிழக்குக் கரை நகரங்களில் நன்கொடை கேட்டு அலைந்துகொண்டிருந்தார். யென்னி லிண்ட் 1,500 டாலர் கொடுத்தார். மரம் வாங்கி வேலை தொடங்கினார்கள். அதற்குள் காலரா வந்தது. புதிதாக வந்து இறங்கியவர்கள் கொத்துக் கொத்தாக விழ, ஆலயத்தின் கீழ்த்தளம் ஆஸ்பத்திரி ஆனது. கோபுரத்துக்கென்று அறுத்துவைத்த பலகைகள் சவப்பெட்டிகளாகிப் போயின. 1854-ல் கோபுரமில்லாமலேயே பிரதிஷ்டை செய்தார்கள்.

உள்ளே மர பெஞ்சுகள். மைத்துனன் வற்புறுத்தியதால் இரண்டு அடி பாடிப் பார்த்தேன். மரச்சுவர் குரலை நன்றாகத் தாங்குகிறது. வாசலில் இருந்த மூதாட்டி தலையாட்டினார். பிடித்ததா, போதும் என்றாரா தெரியவில்லை.

புதன், ராக் ஐலண்ட்

மிசிசிப்பிக் கரை. பக்கத்து ஊரான மொலீனில் ஜான் டீர் கலப்பைத் தொழிற்சாலை இருந்ததால் ஸ்வீடன்காரர்களுக்கு வேலைக்குப் பஞ்சமில்லை. எஸ்பியோர்ன் முதல் தலைவராக இருந்து 1860-ல் தொடங்கிய அகஸ்டானா கல்லூரி, 1875-லிருந்து ராக் ஐலண்டில் குன்றின்மேல் இருக்கிறது. ஸ்வீடிஷ் குடியேற்றத்தை ஆராய்கிறவர்கள் தேடிவரும் ஸ்வென்சன் மையமும் இதே வளாகத்தில். குடும்ப வேர் தேடி வந்த ஒரு தம்பதி அங்கே பழைய சர்ச் பதிவேட்டில் மூழ்கியிருந்தார்கள்.

நான் வந்தது உலோஃப் உல்சன் என்ற மனிதருக்காக. 1869-ல் கான்சஸில் லிண்ட்ஸ்போர்க் சபையை நிறுவிய போதகர். இசை தெரிந்தவர். 1876-ல் இந்தக் கல்லூரிக்குப் பேராசிரியராக வந்தார். 1879-ல் ஐரோப்பா போனபோது லண்டன் எக்ஸிட்டர் மண்டபத்தில் ஹாண்டலின் மெசையாவைக் கேட்டார். வேதாகம வசனங்களைக் கொயரும் தனிப்பாடகர்களும் வாத்தியங்களோடு பாடும் ஆரட்டோரியோ என்ற நீண்ட இசைப்படைப்பு அது. கேட்டதிலிருந்து மனிதருக்கு இருப்புக் கொள்ளவில்லை. நம் பிள்ளைகளும் இதைப் பாட வேண்டும் என்று 1881-ல் இங்கே ஒரு ஆரட்டோரியோ சங்கம் தொடங்கினார். அது இன்னும் இருக்கிறது.

கல்லூரியில் 1901-ல் தொடங்கிய ஆண்கள் கொயருக்கு வென்னர்பெர்க் பெயர். பெண்கள் கொயருக்கு யென்னி லிண்ட் பெயர். 1931-ல் இரண்டும் சேர்ந்து அகஸ்டானா கொயர் ஆனது. குன்னர் வென்னர்பெர்க் ஒரு சுவாரசியமான ஆள். இளமையில் உப்சாலா மாணவர்களின் குடியும் கும்மாளமுமான வாழ்க்கையைப் பாட்டாக்கியவர். பிற்பாடு தாவீதின் சங்கீதங்களுக்கு மெட்டமைத்து, கல்விக்கும் திருச்சபைக்கும் அமைச்சராகவே ஆகிவிட்டார். சனி இரவுக்காரர்களும் ஞாயிறு காலைக்காரர்களும் சண்டையில்லாமல் பாடக்கூடிய ஒரே ஆள் என்றால் அவர்தான். போதகர்கள் நடத்திய கல்லூரி அவர் பெயரை எடுத்துக்கொண்டதில் எனக்கு ஆச்சரியமே இல்லை.

வியாழன், சாலையில்

ஐயோவா முழுவதையும் கடந்து, கான்சஸ் சிட்டி வழியாக மேற்கே. நாள் முழுக்கச் சக்கரம் உருண்டது. எழுத அதிகமில்லை.

ஒன்று மட்டும். முதல் உலகப்போர் நேரம், 1918 மே மாதம் ஐயோவா ஆளுநர் ஹார்டிங், பொது இடத்திலும் பள்ளியிலும் ரயிலிலும் தொலைபேசியிலும் ஆங்கிலம் தவிர வேறு மொழி பேசக் கூடாது என்று பிரகடனம் போட்டார். சர்ச் ஆராதனைக்கும் அதே கதி. குறி ஜெர்மன்காரர்கள்தான். ஆனால் அடி எல்லாருக்கும் விழுந்தது, ஸ்வீடன்காரர்கள் உட்பட. போர் முடிந்ததும் பிரகடனம் போய்விட்டது. பயம் போகவில்லை. 1924 குடியேற்றச் சட்டம் வந்து புதிதாக வருபவர்களின் வரத்தையும் சுருக்கிவிட்டது. ஊரிலிருந்து புதுக் குரல் வந்துகொண்டிருந்தவரை ஸ்வீடிஷ் பாட்டுச் சங்கத்துக்குக் கவலையில்லை. வரத்து நின்றால்? பேரன் பேஸ் பாடுவான்தான், ஆனால் பாடுவது புரிய வேண்டுமே. சம்மேளனத்தில் இன்றும் சில கொயர்கள் பாடிக்கொண்டிருக்கின்றன. பழைய கூட்டத்தோடு ஒப்பிட்டால் கொஞ்சம்தான்.

இரவு சலைனாவில் தங்கல். சோறு கிடைக்கவில்லை, பர்கர்.

பெரிய வெள்ளி, லிண்ட்ஸ்போர்க்

சலைனாவிலிருந்து தெற்கே முப்பது கிலோமீட்டர் சொச்சம். ஊருக்குள் நுழைந்ததும் நடைபாதையெங்கும் ஆள் உயரத்தில் வண்ணம் பூசிய மரக்குதிரை உருவங்கள். ஸ்வீடனின் தாலார்னா மாகாணத்துக் குதிரை பொம்மையைப் பெரிதாக்கி, கடைக்குக் கடை வேடிக்கையாக அலங்கரித்து நிறுத்தியிருக்கிறார்கள். கொஞ்சம் அதிகம்தான். சுற்றுலாக்காரனைப் பிடிக்க வேண்டுமே, மன்னித்துவிடலாம்.

1868-ல் சிகாகோவில் சில ஸ்வீடன்காரர்கள் ஒரு வேளாண்மைக் கம்பெனி ஆரம்பித்து, ஸ்மோக்கி ஹில் ஆற்றுப் பள்ளத்தாக்கில் பதின்மூவாயிரம் ஏக்கர் வாங்கினார்கள். மறுவருடம் ஸ்வீடனின் வெர்ம்லாண்ட் பகுதி மக்களோடு உல்சன் வந்து சேர்ந்தார். மரமில்லாத புல்வெளி. 1874-ல் வெட்டுக்கிளிக் கூட்டம் இறங்கி மாநிலத்தையே மொட்டையடித்துவிட்டுப் போனது.

உல்சனுக்குப் பிறகு வந்த போதகர் கார்ல் ஸ்வென்சன், இருபதுகளின் தொடக்கத்தில் இருந்த இளைஞர். 1881-ல் சர்ச்சின் பின்னறையில் பெத்தனி கல்லூரியைத் தொடங்கினார். பணம் திரட்ட வேண்டும், ஊரையும் ஒன்றுசேர்க்க வேண்டும். உல்சன் சொன்ன யோசனை மெசையா. அதைச் செய்து முடித்தவர் கார்லின் மனைவி ஆல்மா லிண்ட் ஸ்வென்சன். குடியானவர்கள், கடைக்காரர்கள், வீட்டுவேலை பார்க்கும் பெண்கள் என்று வந்தவர்களையெல்லாம் சேர்த்துக்கொண்டார். பலருக்கு ஸ்வரம் படிக்கத் தெரியாது, ஆங்கிலமும் தெரியாது. ஒவ்வொரு குரலாக உட்காரவைத்து, காதால் கேட்டு வாயால் திருப்பிச் சொல்லவைத்தே முழுவதையும் ஏற்றினார். 1882 மார்ச் 28-ல் பெத்தனி சர்ச்சில் முதல் கச்சேரி. ராக் ஐலண்டிலிருந்து இசைக்காரர்கள் உதவிக்கு வந்தார்கள். அப்புறம் பக்கத்து ஊர்களுக்கும் எடுத்துக்கொண்டு போனார்கள்.

கொயரில் பாடியவன் என்ற முறையில் சொல்கிறேன், இது சும்மா காரியமில்லை. ஹாண்டலின் சேர்ந்திசைகளில் ஒரே எழுத்தை இழுத்துக்கொண்டு மிக வேகமான பதினாறாம் ஸ்வரங்களில் ஓட வேண்டும். ஒரு குரல் விட்ட இடத்தில் மறு குரல் பிடிக்கும். பிந்தினால் போச்சு. எங்கள் ஊரில் ஈஸ்டருக்கு அதிலுள்ள அல்லேலூயா ஒன்றை மட்டும் தமிழில் பாடவே ஒரு மாதம் ஒத்திகை பார்ப்போம். முழு மெசையாவை, மொழியும் தெரியாமல், பகலெல்லாம் ஏர் ஓட்டிவிட்டு!

இன்று மாலை ப்ரெஸ்ஸர் மண்டபத்தில் பாக்கின் மத்தேயு பாடுகள், அதாவது மத்தேயு சுவிசேஷத்தில் உள்ளபடி இயேசு பட்ட பாடுகளைப் பாடும் இசைப்படைப்பு. 1929-ல் கட்டிய கல்லூரி மண்டபம், ஊருக்குப் பொருந்தாத அளவு பெரியது. பெரிய வெள்ளிக்கு பாக் என்ற வழக்கத்தைக் கொண்டுவந்தது ஹாக்பார்ட் ப்ராசெயின் காலம். ஸ்டாக்ஹோமில் படித்து 1900-ல் இங்கே வந்தவர், 1915 முதல் 1946 வரை இந்தக் கொயரை நடத்தியவர். அவர் நாளில் மேடையில் ஐநூறு பேர் வரை நின்றார்களாம், ஊரின் ஜனத்தொகையே இரண்டாயிரத்துச் சொச்சம் இருந்த காலத்தில். நாலு பேரில் ஒருவர் மேடையில் என்றால் கீழே உட்கார்ந்து கேட்டது யார் என்று மைத்துனன் கேட்டான். சுற்று வட்டாரமே ரயிலேறி வந்தது என்பதுதான் பதில். கல்லி-குர்ச்சி, ஷூமன்-ஹைங்க் போன்ற உலகப் பாடகிகளும் பரிசுத்த வாரத்தில் இந்தக் கோதுமைக்காட்டுக்கு வந்து பாடியிருக்கிறார்கள். 1918-ல் கொயரே கிளம்பி ஃபன்ஸ்டன் ராணுவ முகாமுக்குப் போய்ச் சிப்பாய்களுக்கு மெசையா பாடியது. ஆங்கிலம் பேசாதவன்மேல் சந்தேகம் பாய்ந்த அதே வருடம். கையில் ஆங்கிலப் பாட்டு இருந்தது எவ்வளவு பெரிய காப்பு!

சனி

சான்ட்ஸேன் ஓவியக்கூடம். பிர்யெர் சான்ட்ஸேன் 1894-ல் வந்து கல்லூரியில் ஐம்பது வருடத்துக்கு மேல் ஓவியம் கற்பித்தவர், மெசையாவில் டெனரும் பாடியவர். வண்ணத்தை அப்பி அப்பிப் பூசியிருக்கிறார். அப்புறம் பழைய மாவு ஆலை அருங்காட்சியகத்தில் 1904 செயின்ட் லூயிஸ் உலகக் கண்காட்சிக்காக ஸ்வீடனில் செய்து அனுப்பிய மரக்கட்டடம். கண்காட்சி முடிந்ததும் இந்த ஊருக்குக் கொண்டுவந்துவிட்டார்கள். மாலை கொரனாடோ குன்று, பலமான காற்று, சீக்கிரம் இறங்கிவிட்டோம்.

ஈஸ்டர் ஞாயிறு, லிண்ட்ஸ்போர்க்

மெசையா. 1882-லிருந்து வருடா வருடம் நடக்கும் விழா.

மேடையில் கல்லூரி மாணவர்கள், பக்கத்து ஊர் விவசாயிகள், ஓய்வுபெற்ற ஆசிரியர்கள். பெயர்ப்பட்டியலில் ஸ்வீடிஷ் பெயர்களுக்கு நடுவே எல்லாப் பெயரும் கலந்திருக்கின்றன. எனக்கு முன்வரிசையில் இருந்தவர் பாடகர்களுள் ஒருவரின் அப்பா. தன் பாட்டி ஆல்டோ என்ற கீழ்க்குரல், அம்மா ஆல்டோ, மகள் மட்டும் கட்சி மாறி சோப்ரானோ என்ற மேல்குரல் என்றார்.

முதல் சேர்ந்திசையிலேயே டெனர் வரிசை கொஞ்சம் மெலிவு என்று தெரிந்துவிட்டது. உலகத்தில் எந்தக் கொயருக்கும் டெனர் போதுமானபடி கிடைத்ததில்லை. ஆல்டோக்கள் பிரமாதம். வேக ஓட்டங்களில் நடத்துநர் கையை முறுக்காமல் விட்டுக்கொடுத்தது எனக்குப் பிடித்தது. தொழில்முறைப் பாடகர்களின் சீவிவிட்ட சுத்தம் இதில் இல்லை. மனப்பாடமாகத் தெரிந்தவர்களின் தைரியம் இருக்கிறது. அல்லேலூயா வந்ததும் மண்டபம் எழுந்து நின்றது. மைத்துனன் எனக்கு முன்னால் எழுந்துவிட்டான்.

இடைவேளையில் அவனிடம் ஒரு வாரமாக மனதில் ஓடியதைச் சொன்னேன். சிகாகோவின் ஆண்கள் சங்கங்கள் ஸ்வீடிஷ் பாட்டைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டன, தேய்ந்தன. இந்த ஊர்க்காரர்கள், வந்து பதின்மூன்றே வருடத்தில், ஒரு ஜெர்மன்காரர் அமைத்து டப்ளினில் 1742-ல் அரங்கேறிய ஆங்கிலப் பாட்டைத் தங்கள் பாட்டாக எடுத்துக்கொண்டார்கள். ஊரின் ஸ்வீடிஷ் அடையாளமே இன்று அதன்மேல் நிற்கிறது.

"அப்ப மொழியை விட்டாத்தான் பிழைக்க முடியும்ங்கிறீங்களா அத்தான்?"

மொழி பாதிதான் மாப்ளே, என்றேன். அங்கே வெள்ளைத் தொப்பிக்குள் ஆண்கள் மட்டும் இருந்தார்கள். இங்கே முதல் நாளிலிருந்தே பயிற்சி கொடுத்தது ஒரு பெண். வீட்டில் அம்மா பாத்திரம் கழுவிக்கொண்டே ஆல்டோ வரியைப் பாடினால் பிள்ளைக்கு ஒத்திகை தானாக நடந்துவிடும். அப்பா மட்டும் சனி இரவு சங்கத்துக்குப் போய்ப் பாடிவிட்டு வந்தால் வீட்டுக்கு அது எப்படித் தெரியும்?

அவன் ஒத்துக்கொள்ளவில்லை. சிகாகோவில் நூறு பொழுதுபோக்கு, இங்கே இருந்தது இது ஒன்றுதான், அதனால்தான் நிலைத்தது என்கிறான். அதிலும் நியாயம் இருக்கிறது. மணியடித்துவிட்டார்கள், வாதத்தைக் காருக்கு ஒத்திவைத்தோம். நாளை காலை விச்சிட்டாவில் விமானம்.